தவசிலிங்கத்தின் புதுக் கம்ப்யூட்டரும் சம்பந்தியம்மாள் குடித்த பாயாசமும்

கோவில்பட்டியில் தவசி டிஜிட்டல் ஸ்டுடியோவைத் தெரியாதவர்கள் இருக்கலாம். ஆனால் கல்யாண வீடியோ எடுக்கச் சொல்லிவிட்டு அது கைக்கு வராமல் அலைகிறவர்களுக்குக் கண்டிப்பாகத் தெரியும். பக்கத்து ஜெராக்ஸ் கடை என்னுடையது. என் கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில் தவசிலிங்கத்தின் கடையில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவன் புளுகைக் கேட்டால் பொழுது நன்றாகப் போகும்.

அவனுக்கு ஒரு வியாதி. எங்கோ வெளிநாட்டில் புதுக் கம்ப்யூட்டர் வரப்போகிறது என்று அறிவித்தால் போதும், கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிடுவான். "அது வந்ததும் அதுலயே பண்ணிருவோம்" என்பான். அது வருவதற்குள் அடுத்ததை அறிவித்துவிடுவார்கள். அவனிடம் கல்யாண வீடியோ வாங்க வரும் தம்பதிகளில் பாதிப் பேர் இடுப்பில் பிள்ளையோடுதான் வருவார்கள்.

அன்றைக்கும் அப்படித்தான். முந்தின நாள் ஏதோ ஒரு அறிவிப்பைப் போனில் பார்த்துவிட்டு, பெண் பார்த்து வந்த மாப்பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது ராமுத்தாய் அக்கா படியேறி வந்தார். பின்னால் இன்னொரு அம்மாள். பார்த்ததும் எனக்குப் பக்கென்றது. அது ராமுத்தாயின் சம்பந்தி செண்பகவல்லி.

விஷயம் எனக்குத் தெரியும். ராமுத்தாயின் மகள் கல்யாணத்தில் பந்தியில் பாயாசமே வைக்கவில்லை என்று செண்பகவல்லி ஊரெல்லாம் சொல்லி வருகிறார். "அந்தப் பேச்சை வாபஸ் வாங்குறவரைக்கும் உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று ராமுத்தாயும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குக் காதுகுத்து. அம்மா வராமல் பிள்ளைக்குக் காது குத்த விடமாட்டேன் என்று மகள் ஒரே அழுகை. வேறு வழியில்லாமல் ராமுத்தாய், வீடியோவை நேரிலேயே காட்டிவிடுவதென்று சம்பந்தியைக் கையோடு கூட்டி வந்திருக்கிறார். தவசிலிங்கத்துக்கு இதெல்லாம் தெரியாது. தான் வீடியோ எடுத்த கல்யாணத்தில் பார்த்த முகம் என்பதே மறந்து, கூட வந்த அம்மாளைப் புது வாடிக்கை என்று நினைத்துவிட்டான்.

"தம்பி, எங்க வீட்டு வீடியோவுல அந்தப் பந்தியை மட்டும்..." என்று ராமுத்தாய் ஆரம்பித்தார்.

"வாங்கக்கா! நல்ல நேரத்துல வந்தீங்க. நேத்துதான் புதுக் கம்ப்யூட்டர் அறிவிச்சிருக்கான்."

"அது இன்னும் கடைக்கே வரலையேடா" என்றேன்.

"ஊருக்குத்தான் வரலை அண்ணாச்சி. எனக்கு வந்து ஒரு மாசமாச்சு. 'தவசி, நீ நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் வெளிய அறிவிப்போம்'னு கம்பெனிக்காரன் தவம் கிடந்தான். போனாப் போகுதுன்னு நேத்துதான் சரின்னேன்."

"எங்கடா இருக்கு?"

"வீட்டுல. இங்க வச்சா கரண்ட் தாங்காது. முத நாளு சுவிட்சைப் போட்டேன், கயத்தாறுல கரண்ட் எடுக்கிற அம்புட்டுக் காத்தாடியும் நின்னு, அப்புறம் எதிர்ப்பக்கமாச் சுத்துச்சு. ஈபிக்காரங்க வந்து கும்பிட்டுட்டுப் போனாங்க."

செண்பகவல்லி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஆள் சிக்கிவிட்டது என்று தவசிலிங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"வேகத்தைச் சொன்னா நம்ப மாட்டீங்க. எட்டயபுரத்துல ஒரு கல்யாணம். நான் இன்னும் பையில இருந்து கேமராவையே எடுக்கல, அதுக்குள்ள முழு வீடியோவும் ரெடி! மாப்பிள்ளை அதை ஒரு தடவை பாத்துக்கிட்டுத்தான் மேடைக்கே போனாரு. தாலி முடிச்சு எப்படிப் போடணும்னு அதுலதான் தெரிஞ்சுக்கிட்டாரு."

நான் கண்ணைக் காட்டினேன். என் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்து எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு வந்தான்.

"கூடவே ஒரு சாஃப்ட்வேர் விட்டிருக்கான் பாருங்க. கழுகுமலையில ஒரு தாய்மாமன் கோவிச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்கே வரலை. நான் அவரைக் கொண்டுவந்து முன்வரிசையில உக்கார வச்சேன். பட்டு வேட்டி, சிரிச்ச முகம். அதைப் பாத்துட்டு மனுசன் என்ன சொன்னாருங்கிறீங்க? 'அட, நான் கோவத்தை விட்டுட்டேன் போலருக்கே'ன்னு மறுநாளே சீரோட வந்து இறங்கிட்டாரு!"

"வராத ஆளையே கொண்டுவருமா?" என்றார் செண்பகவல்லி.

"தம்பி, அதெல்லாம் நமக்கு எதுக்கு? பந்தியைப் போடு" என்று ராமுத்தாய் அவசரப்பட்டார்.

"பந்தியா? பந்தியிலதானக்கா அது வேலையையே காட்டும்! ஒரு கல்யாணத்துல வெறும் சோறும் ரசமுந்தான். அந்த வீட்டு மானத்தைக் காப்பாத்தினது நான். இலைக்கு இலை பாயாசத்தை ஓட விட்டேன். முந்திரியும் திராட்சையுமா மிதக்குது. வீடியோவைப் பாத்த பெரியவர் ஒருத்தருக்கு அங்கேயே சுகர் ஏறி ஆஸ்பத்திரியில சேத்தாங்கன்னாப் பாத்துக்கங்களேன்!"

செண்பகவல்லி மெதுவாகத் திரும்பினார்.

"கேட்டுக்கிட்டீங்களா மதினி? இவன் காட்டப்போற பாயாசத்தைப் பாக்கத்தான் என்னை வெயில்ல இழுத்துட்டு வந்தீங்களா?"

ராமுத்தாயின் கண் நிறைந்துவிட்டது. இருந்த ஒரே சாட்சியையும் இந்தப் பயல் வாயாலேயே கெடுத்துவிட்டான். "டேய், அவங்க சம்பந்தியம்மாடா" என்று விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

தவசிலிங்கத்துக்கு முகம் வெளுத்துப்போனது.

"அம்மா, அந்தக் கம்ப்யூட்டர் எங்கிட்ட இல்லம்மா. அதை நான் போன்லதான் பாத்தேன்."

"இப்ப அப்படித்தான் சொல்லுவே."

"சத்தியமா! எங்கிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான்" என்று மேஜையில் இருந்த பெட்டியை ஓங்கித் தட்டினான். அது ஒரு தடவை இருமியது. உண்மையைச் சொல்லிவிட்டு அவன் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவனால் முடியாதே.

"இதைவிடத் தண்டமான கம்ப்யூட்டர் தமிழ்நாட்டுலயே கிடையாதும்மா! இதை ஆன் பண்ணிட்டு மதுரைக்குப் போனேன். மச்சினனுக்குப் பொண்ணு பாத்து, பேசி முடிச்சு, கை நனைச்சுட்டுத் திரும்பி வந்தேன். அப்பத்தான் திரையில வெளிச்சமே வருது. மவுஸை இன்னைக்கு நகத்தினா அம்புக்குறி நாளைக்குத்தான் நகரும். ஒருவாட்டி இதுக்குள்ள வைரஸ் வந்துச்சு. எதையும் திறக்க முடியாம, இருந்து பாத்து வெறுத்துப்போயி, அதுவே அண்ணாச்சி கடைக் கம்ப்யூட்டருக்குக் குடிபோயிருச்சு. வேணும்னாக் கேளுங்க!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமா, வந்துச்சு. இப்பவும் எங்கிட்டத்தான் இருக்கு" என்றேன். அவன் புளுகுக்கு நான் சாட்சி சொன்னது அன்றைக்குத்தான். ராமுத்தாய் முகத்தைப் பார்த்த பிறகு வேறு என்ன சொல்ல முடியும்?

"இதுல ஒத்த முந்திரியைக் கொண்டுபோயி இலையில ஒட்டணும்னாலே மூணு வருசமாகும்மா. உங்க வீட்டுக் கல்யாணம் நடந்தே ஒன்றரை வருசந்தான் ஆகுது!"

செண்பகவல்லி யோசித்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

"சரி, போடு பாப்போம்."

பெட்டி முக்கி முனகி ஒருவழியாகப் படத்தைத் திறந்தது. பந்தி வரிசை. நடுவில் அரக்குப் பட்டில் செண்பகவல்லி. பாயாச வாளி அவர் முன்னால் வந்து நிற்கிறது. போதும் போதும் என்று இலைக்கு மேல் கையை மறித்தார். பரிமாறுகிறவர் நகரப்போனதும் கையை எடுத்துவிட்டார். பிறகு அப்பளத்தை நொறுக்கிப் போட்டு, வழித்து உறிஞ்சினார். அடுத்த இலைக்குப் போன வாளியைக் கைதட்டிக் கூப்பிட்டார். வாளி திரும்பி வந்தது. அந்தப் பக்கம் தாண்டிப் போனதை இன்னொரு முறையும் கூப்பிட்டார்.

படத்தில் செண்பகவல்லி முழங்கை வரை வழிந்ததைத் துடைத்துக்கொண்டிருந்தார். ராமுத்தாய் ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. அது பெரிய மனசு.

"நாந்தான் மறந்துட்டேன் போலருக்கு. ஞாயித்துக்கிழமை காலையிலயே வந்துருங்க மதினி. நீங்க வந்தாத்தான் பிள்ளைக்குக் காது குத்துறது" என்றார் செண்பகவல்லி. ராமுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

செண்பகவல்லி மட்டும் வாசலில் செருப்பைத் தேடுவதுபோல் நின்றார். அப்புறம் திரும்பி வந்து, திரையில் தெரிந்த தன் உருவத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, மேஜை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஏந்தம்பி, அந்தப் புதுக் கம்ப்யூட்டரு எப்பக் கடைக்கு வருதாம்?"