வாய்க்கால் பாலத்தில் வைத்த கவலை

நொச்சிமேடு எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இங்கேதான்" என்பார்கள்.

அப்பேர்ப்பட்ட ஊரில் தணிகாசலத்துக்குத் தூக்கம் போய்விட்டது. மகள் வேணிக்குத் திருச்சியில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அவள் ஹாஸ்டலில் இருக்க வேண்டும். அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? இந்தக் கவலையில் அவருக்கு பிரஷர் ஏறிவிட்டது.

"தினம் சாயங்காலம் மெதுவா ஓடுங்க," என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. "ஓடிக்கிட்டே பேச முடியணும், அதுதான் சரியான வேகம். கவலையை எல்லாம் வழியிலேயே விட்டுடுங்க."

தனியாக ஓடினால் யாரிடம் பேசுவது? மச்சான் சோலைமுத்துவையும் அந்தோணிசாமியையும் சேர்த்துக்கொண்டார். சோலைமுத்துவுக்குத் தன் எருமை தீனி தின்னவில்லையே என்று கவலை. அந்தோணிசாமிக்குக் கவலையே கிடையாது. அவர் ஆலோசனை சொல்பவர்.

முதல் நாள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். ரேஷன் கடையைத் தாண்டுவதற்குள் தணிகாசலம் ஒரு பக்கமும் அவர் தொப்பை ஒரு பக்கமும் போக ஆரம்பித்தார்கள். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. விலாவில் சுருக்கென்று பிடித்தது. காதுக்குள் மாவு மில் ஓடியது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார்.

"மச்சான், உள்ளே யாரோ தட்டுறாங்க!"

சோலைமுத்து தன் நெஞ்சையும் தொட்டுப் பார்த்தார். "இங்கேயும் தட்டுறாங்க மச்சான். வீடு வீடா வர்றாங்க போல."

அந்தோணிசாமி ஆழ்ந்து யோசித்தார். "உள்ளேயிருந்து தட்டுனா வெளியே வரணும்னு அர்த்தம். வாயைத் திறந்து வைங்கப்பா."

மூவரும் வாயைப் பிளந்துகொண்டு ஓடினார்கள். மூச்சு தாராளமாக வந்தது. அந்தோணிசாமிக்கு இவ்வளவு மருத்துவம் தெரியும் என்று ஊருக்கே அன்றுதான் தெரிந்தது.

அடுத்த சங்கடம் பேச்சு. மழையும் வெங்காய விலையும் தண்ணீர்த் தொட்டிக்கு முன்பே தீர்ந்துபோயின. பேச்சு நின்றால் ஓட்டமும் நிற்க வேண்டுமே! நடுரோட்டில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்னால் வந்த டிராக்டர்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து, எஞ்சினை அணைத்துவிட்டு பீடி பற்ற வைத்தான்.

"ஆமா, வேணியை அனுப்பலாமா கூடாதா?" என்றார் அந்தோணிசாமி.

அவ்வளவுதான், கால்கள் பறந்தன! ஒரு பெண் படிக்கப் போவதைப் பற்றி நொச்சிமேட்டு ஆண்களிடம் கருத்துக்கா பஞ்சம்? அவள் பஸ் ஏறுவதற்கு ஒரு கருத்து, இறங்குவதற்கு ஒரு கருத்து, ஜன்னல் சீட்டுக்குத் தனிக் கருத்து. வேணியிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. அவள்தான் கூட ஓடவில்லையே.

வாய்க்கால் பாலம் வந்ததும் தணிகாசலம் தன் கவலையைக் கைப்பிடிச் சுவர்மேல் பத்திரமாக வைத்தார். பக்கத்திலேயே சோலைமுத்துவும் வைத்தார். வியர்வையில் காற்று பட்டது. வெளுத்துப் போட்ட வேட்டி மாதிரி மனசு லேசானது. ஆனால் கிளம்பும்போது, இத்தனை நாள் வளர்த்ததை அநாதையாக விட்டுப் போக இருவருக்கும் மனம் வரவில்லை. இருட்டு வேறு கட்டிக்கொண்டு வந்தது. அவசரத்தில் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் தணிகாசலம் கேட்டார்: "வேணி, எருமை தீனி தின்னுச்சா?"

"நம்மகிட்ட ஏதுப்பா எருமை?"

"அது வேற ஒரு கவலையா இருக்கும்மா."

வேணி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "நான் திருச்சிக்குப் போகட்டுமா?"

"என்னை ஏன் கேக்குறே? கவலை மாறிப்போச்சு. உன்னுது சோலைமுத்து மாமாகிட்ட இருக்கு. அவனைக் கேளு."

மறுநாள் காலை வேணி சோலைமுத்து வீட்டுக்குப் போனாள். எருமையைப் பார்க்கத் தணிகாசலமும் கூடவே போனார். கண் சிவந்து உட்கார்ந்திருந்தார் சோலைமுத்து.

"உன்னை அனுப்புனா ஊர் என்ன சொல்லும் தாயி?"

"ஊர்னா யாரு மாமா?"

"நான், உங்கப்பா, அந்தோணிசாமி."

"சரி, நீங்க என்ன சொல்வீங்க?"

"அது தெரியாமத்தானே விடிய விடிய முழிச்சுக் கெடந்தேன்!"

அந்தோணிசாமி வந்து தீர்ப்புச் சொன்னார்: "சாயங்காலம் ரெண்டையும் பாலத்துல வச்சு, அவனவன் கவலையை அவனவன் எடுத்துக்குங்க."

வேணியின் முகம் ஏன் அப்படிச் சுருங்கியது என்று தணிகாசலத்துக்கு விளங்கவில்லை. அவர் எருமையின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தார்.

"டாக்டரம்மா கவலையை விடச் சொன்னாங்களா, திரும்ப எடுக்கச் சொன்னாங்களா?" என்றாள் வேணி.



"விடத்தான் சொன்னாங்க," என்றார் தணிகாசலம்.

"அப்புறம் எந்த உரிமையில எடுத்தீங்க?"

"பாத்தியா, வாதாடுது," என்றார் அந்தோணிசாமி. "பொண்ணைப் படிக்க வைக்கக் கூடாதுங்கறது இதுக்குத்தான். ஆனா சொல்றது சரி."

அன்று சாயங்காலம் இரண்டு கவலைகளையும் பாலத்தில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வரப்பு வழியாக ஓடிவந்தார்கள். தணிகாசலம் குறட்டை விட்டுத் தூங்கினார். திங்கட்கிழமை அவரே மகளின் பெட்டியை பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் சீட்டும் பிடித்துக் கொடுத்தார்.

பஸ் கிளம்பிய பிறகுதான் சோலைமுத்து அலறினார்: "மச்சான், பஸ்ஸு பாலத்து வழியால்ல போகுது!"

மூவரும் ஓடினார்கள். பேசாமல் ஓடிய ஓட்டம் அது ஒன்றுதான். பாலத்தை அடைந்தபோது பஸ் தூரத்தில் புழுதியாகியிருந்தது. கைப்பிடிச் சுவரைத் தடவினார்கள். படுத்துக்கொண்டு பாலத்துக்கு அடியிலும் பார்த்தார்கள்.

"ரெண்டையும் காணோம்!"

"பஸ்ல ஏறிடுச்சு," என்றார் அந்தோணிசாமி. "இனி நொச்சிமேடு என்ன சொல்லும்னு திருச்சிக்காரங்க கவலைப்படட்டும்."

"என் எருமை, அண்ணே?"

"அதுவும் வேணி பொறுப்பு."

அன்றிலிருந்து தினமும் ஓடக் கிளம்பும் முன் சோலைமுத்து திருச்சிக்கு போன் போடுகிறார். "எருமை தின்னுச்சா தாயி?" "வயிறு நிறைய தின்னுச்சு மாமா," என்கிறாள் வேணி. நிம்மதியாக ஓடுகிறார்.

நேற்று பசி பொறுக்காத எருமை ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடி வந்தது.

"யார் வீட்டு எருமையோ, என்னமா ஓடுது!" என்றார் சோலைமுத்து.

அந்தோணிசாமி திரும்பிப் பார்த்தார். "வாயைத் திறந்துக்கிட்டுல்ல ஓடுது. நம்ம டாக்டரம்மாகிட்டதான் காட்டியிருக்காங்க."