பெலினம்மா கஞ்சிப்பானை

கண்ண மூடு. மூடுனியா? "ம்" கொட்டணும், இல்லைன்னா அத்தை பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிருவேன்.

ஒரு ஊர்ல ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தா. பேரு பெலினா. ஆமாண்டி, நம்ம குருசடிக் கோயில்ல பானையோட சிலையா நிக்கிறாள்ல, அந்தப் பெலினம்மாதான். இப்பத்தான் புனிதை. அப்ப பல்லி கத்துனாக்கூட அண்ணன் முதுகுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுக்குவா. ஆத்தா அப்பன் இல்ல, அண்ணன் தீமோன் ஒருத்தந்தான். இதெல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னாடி. இயேசு பேரச் சொன்னாலே புடிச்சு உள்ள போடுற காலம்.

"ம்."

அந்த ஊரு ராசா நாந்தான் சாமின்னுட்டான். கூத்தப் பாரு! தனக்கே ஒரு சிலை வச்சு, முன்னால தணல் போட்டு, எல்லாரும் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டுக் கும்பிடணும்னான். தீமோன், "என் சாமி வேற, மாட்டேன்"னான். அவ்வளவுதான், தரதரன்னு இழுத்துட்டுப் போய்ச் செறையில போட்டுட்டாங்க.

அந்தச் செறையில சோறு கிடையாது. வீட்டாளுங்கதான் கொண்டாரணும். செறை வாசல்லயும் அதே மாதிரி ஒரு சிலை, முன்னால தணல். சாம்பிராணி போட்டாத்தான் பானை உள்ள போகும். எப்படி வச்சிருக்கான் பாரு, பாவிப்பய!

அப்புறம், பெலினா கோதுமைக் கஞ்சி காச்சித் தூக்கிட்டுப் போனா. அவ கையில பானை மூடி கடகடகடன்னு ஆடுது. வாசல்ல காவல்காரன் வரூசு, மீசையும் ஈட்டியுமா நிக்கிறான். "ஒரு சிட்டிகை போடு, போ." மாட்டேன்னு தலைய ஆட்டுனா. "அப்ப வீட்டுக்குப் போ." போனா. கஞ்சி ஆறிப்போச்சு. அவளும் குடிக்கல.

நீயுந்தான் சோத்த அப்படியே வச்சுட்ட. உங்கப்பா படகு எல்லை தாண்டிருச்சுன்னு அக்கரையில புடிச்சு வச்சிருக்காங்களே, அங்க என்ன சாப்பிட்டாரோன்னு நெனப்பு. எனக்குத் தெரியாதா? கேளு.

ரெண்டாம் நாளும் போனா. உள்ளருந்து லொக்கு லொக்குன்னு இருமல். அண்ணன் இருமல் தங்கச்சிக்குத் தெரியாம இருக்குமா? வரூசுக்கே பாவமாப் போச்சு. "போடுற மாதிரி வெறுங்கைய ஆட்டிட்டுப் போயிரு தாயி, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்"னான் மெதுவா. பெலினா கைய நீட்டிட்டா. ஆமாண்டி, நீட்டிட்டா! அண்ணன் பசியாச்சே. அப்போ உள்ளருந்து தீமோன் கத்துறான், "பெலினா, எனக்குப் பசிக்கவே இல்ல, போ!" பொய். பச்சப் பொய். அவ கைய மடக்கிட்டு அழுதுட்டே திரும்பிட்டா.

மூணாம் நாள் போனா. இருமல் சத்தமே இல்ல.

"அத்தை!"

இருடி, சொல்றேன். வந்துச்சு பாரு அவளுக்குக் கோவம்! "கஞ்சி ஆறிப்போச்சு, சூடு பண்ணணும்"னு, பானைய ராசா தணல் மேலயே டொக்குன்னு வச்சுட்டா. அவ கண்ணுக்கு அது அடுப்பாத்தான் தெரிஞ்சுது. வரூசு வாயப் பொளந்துட்டு நிக்கிறான். கஞ்சி தளபுளன்னு கொதிச்சு, பொங்கி, வழிஞ்சு... உஸ்ஸ்ஸ்! தணல் அவிஞ்சே போச்சு.

இனி சாம்பிராணிய எங்க போடுறது? அந்த நெருப்ப ராசா கோயில்லருந்துதான் கொண்டாரணும், ஒரு நாள் நடை. வரூசு தலையச் சொறிஞ்சான். பின்னால பானையும் கையுமா வரிசையில நின்ன மத்தப் பொம்பளைங்களப் பாத்தான். "நெருப்பு வர்ற வரைக்கும் எல்லாரும் உள்ள போங்க"ன்னான். கிர்ர்ர்னு கதவு தொறந்துச்சு.

தீமோன் உசுரோட இருந்தான். இருமக்கூடத் தெம்பில்லாமக் கெடந்தான். அவன் தலைய மடியில வச்சு, கஞ்சிய ஊதி ஊதி ஊட்டுனா. "பசிக்கலன்னியே?" "இப்பத்தான் பசிக்குது"ன்னான்.

அப்புறம் நெருப்பு வந்துச்சு, ராசா ஆளுங்களும் வந்தாங்க. "அணைச்சது யாரு?" "நாந்தான்"னா நம்ம பயந்தாங்கொள்ளி. அவளையும் அண்ணன் பக்கத்துலயே அடைச்சுட்டாங்க. வெளிய வரவே இல்லடி அவ, அங்கருந்தே சாமிகிட்டப் போயிட்டா. ஆனா ஒரு நாள்கூடப் பட்டினி கெடக்கல. தினமும் வரூசு தன் வீட்டுக் கஞ்சியத் திருட்டுத்தனமாக் கொண்டு வருவான். இப்ப அவன் கையில மூடி கடகடகடன்னு ஆடும்.

அதான் அவ திருநாளுக்கு நம்ம ஊர்ல சாம்பிராணி போடுறதில்ல. புதுச் சாமியார் தெரியாம தூபக்காலத் தூக்கிட்டு வந்தப்ப பொம்பளைங்க எல்லாம் ஐயையோன்னு கத்துனோமே, இதுக்குத்தான். பானை பொங்கி அடுப்பு அவியணும். மொத அகப்பை செறையில இருக்கிறவங்களுக்கு. அப்புறந்தான் நமக்கு.

"ம்... அப்பாக்கு?"

அக்கரை வரைக்கும் நம்ம அகப்பை எட்டாது, கண்ணு. அவர் எனக்கு அண்ணன்டி. போன வாரம் போன்ல என்ன சொன்னாரு? "எனக்குப் பசிக்கவே இல்ல, பிள்ளையப் பாத்துக்க"ன்னாரு. நானும் இன்னைக்குச் சாப்பிடல.

ஆனா அங்கயும் ஒரு வரூசு இருப்பான். இருக்கணும். காலையில எந்திரிச்சு நீயும் நானும் சூடா ஆளுக்கொரு கும்பா கஞ்சி குடிக்கிறோம், சரியா?

கஞ்சி பொங்கியாச்சு, அடுப்பு அவிஞ்சாச்சு. தூங்குடி என் தங்கம்.