மந்திரி வெட்டிய அரைக் குழி

கோயில் மணி கேட்டு எழுந்து, கோயில் மணி கேட்டு அடுப்பணைக்கிற ஜனங்கள் நிறைந்தது மருதவேலி நாடு. அதை ஆண்ட வீரகேதன மகாராஜா நல்லவர்தான். ஒரே ஒரு குறை. யாராவது இனிக்க இனிக்கப் பேசினால் ஓலையைப் படிக்காமலே முத்திரை வைத்துவிடுவார். அப்படிப் பேசத் தெரிந்தவர் அனந்தகீர்த்தி. அயல்நாட்டுக் காரியங்களைப் பார்க்கிற மந்திரி.

அந்த நாட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. படை போருக்குப் போகவேண்டுமானால், ஊருக்கு ஒருவராகத் தேர்ந்தெடுத்த நாட்டுச் சபை கூடி, குடத்தில் ஓலை போட்டுச் சம்மதிக்க வேண்டும். சபை சம்மதிக்காமல் ராஜாவே நினைத்தாலும் ஒரு வாள்கூடக் கடல் தாண்டக் கூடாது.

ஆனால் மந்திரி சபையிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ராஜாவின் முத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு, சங்குத்தீவு ராஜாவுக்குத் துணையாக முந்நூறு வீரர்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். ஆறே மாதம் என்று போனவர்கள், மூன்று வருடமாகியும் திரும்பவில்லை. அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பாதிப் பேர் காய்ச்சலில் கிடக்கிறார்கள் என்று சேதி வந்தது. இன்னும் ஒரு மாதத்தில் காற்று திரும்பிவிடும். அதற்குள் கப்பல் போய் அழைத்து வராவிட்டால் இன்னும் ஒரு வருடம் அங்கேதான்.

பூரணி என்கிற விதவைக்கு இருந்தது ஒரே மகன், சிங்கன். அவனும் அந்த முந்நூறில் ஒருவன். சபை கூடிய அன்று அவள் நேரே ராஜா முன்னால் போய் நின்று, என் பிள்ளையை எப்போது அழைத்து வருவீர்கள் என்று கேட்டாள். அது ராஜாங்க ரகசியம் என்றார் மந்திரி. யாரைக் கேட்டு அனுப்பினீர்கள் என்று சபைப் பெரியவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

மந்திரி சிரித்துக்கொண்டே சொன்னார். "போருக்குத்தானே உங்கள் சம்மதம் வேண்டும்? இது போரே இல்லை. நட்புக்காகப் போய் நிற்கிறார்கள்."

"கையிலே ஈட்டியைப் பிடிச்சுக்கிட்டா?" என்றாள் பூரணி.

"ஈட்டியையும் நட்பாகத்தான் பிடித்திருக்கிறார்கள் அம்மா."

சபையில் ஆவுடையார் என்று ஒருவர் இருந்தார். ராஜாவுக்குப் பேச்சுத் துணை, மந்திரிக்குத் தலைவலி. அன்றைக்கு அவர் எழுந்து, மந்திரியார் சொன்னால் சரிதான், அதையே ஓலையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்துவிட்டால் எங்கள் வாய் அடைபட்டுவிடும் என்றார். மந்திரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. 'முந்நூறு பேரும் போரில் இல்லை' என்று தானே எழுதினார். ராஜா முத்திரை வைத்தார், வழக்கம்போலப் படிக்காமல்.

"நீங்களுமா ஐயா?" என்று பூரணி கண் கலங்கினாள். ஆவுடையார் ஓலையைச் சுருட்டிக்கொண்டு ஏரியைப் பராமரிக்கிற ஏரி வாரியத்துக்குப் போனார்.

சித்திரை மாதம். ஏரி வற்றி, தூர் வாருகிற சமயம். வீட்டுக்கு ஒரு ஆள் வந்து ஒரு குழி வண்டல் வெட்டிக் கரையில் கொட்ட வேண்டும். போருக்குப் போனவன் வீட்டுக்கு மட்டும் அது கிடையாது. போரும் இல்லாமல் ஒருவனை யாராவது தன் காரியத்துக்கு நிறுத்தி வைத்திருந்தால், நிறுத்தி வைத்தவரே இறங்கி அவன் குழியை வெட்ட வேண்டும். ராஜாவின் பாட்டனார் காலத்திலிருந்து இதை மீறியவர் இல்லை. போன வருடம் தேர் வேலைக்கு ஆளை நிறுத்தி வைத்த தர்மகர்த்தாவே வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினார்.

மறுநாள் காலை ஏரி வாரியத் தலைவர் காளத்தி அரண்மனை வாசலுக்கு வந்தார். கையில் இரண்டு மண்வெட்டி, இரண்டு கூடை.

"முந்நூறு வீட்டிலிருந்து ஆள் வரவில்லை மகாராஜா. மூன்று வருடமாகப் போர் என்று நினைத்து விட்டுவிட்டோம். இல்லை என்று நேற்று உங்கள் முத்திரையே வந்துவிட்டது. நிறுத்தி வைத்திருப்பவர்கள் நீங்களும் மந்திரியாரும். தலைக்கு நூற்றைம்பது குழி."

ராஜா அப்போதுதான் அந்த ஓலையை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மந்திரியைப் பார்த்தார். பிறகு மண்வெட்டியை எடுத்தார்.

உச்சி வெயிலுக்குள் ராஜா ஒரு குழி வெட்டியிருந்தார். மந்திரி அரைக் குழி. உள்ளங்கை இரண்டும் கொப்புளம். கரையில் ஊரே நின்று பார்த்தது. பூரணி ஒரு சொம்பு நீர்மோரோடு இறங்கி வந்தாள்.

"குடிங்க மந்திரியாரே. நீங்களும் நட்புக்காகத்தானே நிக்கிறீங்க."

மந்திரி ராஜாவின் பக்கம் நகர்ந்து, போர் என்றே மாற்றி எழுதிவிடலாம் என்று முணுமுணுத்தார். கரையிலிருந்த ஆவுடையாருக்கு அது கேட்டுவிட்டது.

"தாராளமாக எழுதுங்கள். போர் என்றால் குழி இல்லை. ஆனால் போர் என்றால் சபை ஓலை போட வேண்டும். சபை இதோ கரையில்தான் நிற்கிறது."

மீதி இருநூற்றுத் தொண்ணூற்றெட்டரைக் குழியை ராஜா ஒரு பார்வை பார்த்தார். "குடத்தைக் கொண்டு வாருங்கள்" என்றார்.

ஓலை போட்டார்கள். எண்ணவே வேண்டியிருக்கவில்லை, எல்லா ஓலையிலும் படை திரும்ப வேண்டும் என்றே இருந்தது. நாளைக்கே கப்பல் புறப்படட்டும் என்று ராஜா உத்தரவு போட்டார். ஆவுடையாரைக் கூப்பிட்டுத் தன் முத்துமாலையையும் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். பூரணி கோயில் கோபுரம் இருக்கிற திக்கைப் பார்த்துக் கும்பிட்டாள்.

மந்திரி மட்டும் விடவில்லை. "சங்குத்தீவு ராஜா கோபித்துக்கொள்வாரே. நம் நட்பு என்னாவது?"

"நட்புக்கு முந்நூறு பேர் எதற்கு? ஒருவர் போய் நின்றால் போதும்" என்றார் ஆவுடையார். "கப்பல் போகும்போது காலியாகத்தான் போகிறது மகாராஜா. மந்திரியாரை ஏற்றி விடலாம்."

ராஜா சிரித்த சிரிப்பில் இடுப்பிலிருந்த கூடை நழுவி விழுந்தது. சிரித்து ஓய்ந்து, இதற்குச் சபையின் சம்மதம் உண்டா என்று கரையைப் பார்த்துக் கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் எல்லோரும் கை தூக்கிவிட்டார்கள். பூரணி இரண்டு கையையும் தூக்கியிருந்தாள்.