பெயர் வராத அட்டை

பலகாரக் கடையின் வலைத்தளத்துக்குச் செங்கமலம் படமும் பெயரும் காட்டும் ஒரே ஒரு அட்டைக்குத்தான் நிரல் எழுதினாள். பெயரையும் படத்தையும் வெளியிலிருந்து ப்ராப்ஸாக, அதாவது உள்ளீடாக, அனுப்பினால் அதே அட்டை ஜாங்கிரியாகும், அதிரசமாகும்.

தலைமை டெவலப்பர் தாமோதரன் சிரித்தார். “பலகாரத்துக்கு ஒண்ணா எழுதணும்மா. நாளைக்குக் கடைக்காரர் முன்னாடி இது சொதப்பினா உனக்கு வேலை கிடையாது.”

“சரிங்க சார். பேரு வரலேன்னா எதைக் காட்டணும்னும் அதுக்குள்ளயே எழுதிட்டேன்.”

எதை என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் காலை, யாருக்கும் தெரியாமல், அட்டைக்கு அனுப்பும் பெயர்களை எல்லாம் அழித்துவிட்டார்.

கடைக்காரர் முன்னால் திரை திறந்தது. ஜாங்கிரிக்குக் கீழே ‘தாமோதரன்’. அதிரசத்துக்குக் கீழேயும் ‘தாமோதரன்’.

“தாமோதரன்னா இனிப்பா, காரமா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ரெண்டும் இல்லீங்க” என்றாள் செங்கமலம். “ பேரு வரலேன்னா, பக்கத்தைக் கடைசியா திருத்தினவர் பேரை அது எடுத்துக்கும்.”

“அந்த அட்டையே இருக்கட்டும்” என்றார் கடைக்காரர். செங்கமலத்தின் வேலையும் இருந்தது.