யாளிமொழியில் ஒரு சொல்

மலைக்கணவாயை அடைத்துக்கொண்டு யாளி படுத்து மூன்று நாளாகிவிட்டது. சிங்க முகமும் யானைத் துதிக்கையும் கொண்ட அந்தப் பெரிய உடம்பைத் தாண்டி ஒருவரும் போகவோ வரவோ முடியவில்லை. அந்தப் பக்கம் மருத்துவச்சி நின்றாள். இந்தப் பக்கம் மாசிலனின் மகள் காலையிலிருந்து பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள்.

மாசிலனுக்கு ஐம்பத்தெட்டு வயது. யாளிமொழி கற்க வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கற்பித்த இளவேனி அவரைவிட இருபது வயது இளையவள். அன்று அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. யாளிமொழிக்கோ அடிவயிற்றிலிருந்து குரல் எழ வேண்டும். யாளியிடம் அவர்தான் பேசியாக வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

கணவாய்க்குப் போகும் வழி நெடுக அவர் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டே நடந்தார். வினைச்சொல் முதலில் வரும். பெயர்ச்சொல்லை மூச்சை உள்ளிழுத்துச் சொல்ல வேண்டும். இறந்தகாலம் கிடையாது. 'ரூம்' என்றால் வழி. 'ஹக்' என்றால் விலகு. அதையே கொஞ்சம் நீட்டினால் கடி.

அந்த இடத்தில் அவர் நடையை நிறுத்தினார்.

"தவறி நீட்டிவிட்டால் என்னம்மா செய்வது?"

"நீட்டாதீர்கள்" என்றாள் இளவேனி, காற்றுக் குரலில்.

அவர்களைக் கண்டதும் யாளி தலையைத் தூக்கியது. அது விட்ட மூச்சில் மாசிலனின் மேல்துண்டு பறந்துபோயிற்று. ஆறு மாதப் பாடமும் அதோடு போயிற்று. திரும்பிப் பார்த்தார். இளவேனி அசையாமல் நின்றாள். வீட்டில் மகள் வலியோடு காத்துக் கிடந்தாள். கடைசியில் ஒரே ஒரு சொல்தான் வாயில் வந்தது.

"ஊம்ஹ்."

பயம் என்று பொருள்.

யாளி வெகுநேரம் அவரையே பார்த்தது. பிறகு அதுவும் மெல்ல, "ஊம்ஹ்" என்றது. முன்னங்கால்களை ஊன்றி எழுந்து பாறையோரம் ஒதுங்கிக்கொண்டது. மருத்துவச்சி பையை மார்போடு அணைத்தபடி ஓடிவந்தாள். அன்று மாலை மாசிலனுக்குப் பேத்தி பிறந்தாள். தாயும் பிழைத்தாள்.

மறுவாரம் பாடத்துக்கு வந்தவர் சுவடியைப் பிரிக்கவில்லை. வாக்கியத்தைக் கெடுத்துவிட்டதாக வருத்தப்பட்டார். 'எனக்கு' என்று சேர்க்கத் தெரியாமல் மொட்டையாகச் சொல்லிவிட்டாராம். இன்று முதலில் அந்தச் சொல்லைக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டார்.

"அப்படி ஒரு சொல் அந்த மொழியில் இல்லை, ஐயா. 'உனக்கு' என்பதற்கும் இல்லை."

மாசிலன் சுவடியைத் தள்ளி வைத்தார்.

"அப்படியானால் அது யாருடைய பயம் என்று யாளிக்கு எப்படித் தெரிந்தது?"

"அதற்குத் தெரியவில்லை. தன் பயமோ என்றும் நினைத்திருக்கும். அதனால்தான் எழுந்தது" என்றாள் இளவேனி.