மதில் இடிந்த இடத்தில் நின்றவள்

சொல்கிறேன், கேளுங்கள். வெகு காலத்துக்கு முன், எபிரேயரின் மலைநாட்டில் ஒரு சிற்றூர் இருந்தது. சுற்றிலும் கல் மதில். அதில் ஓரிடம் மட்டும் மழையில் சரிந்து, திறந்து கிடந்தது.

அந்த ஊரார் அத்தாராள் என்ற விதவையின் எல்லைக்கல்லைப் பிடுங்கி நகர்த்தினார்கள். அவள் நிலம் ஊர்த்தலைவன் எப்லாலின் நிலத்தோடு சேர்ந்துபோனது. அவளை மதிலுக்கு வெளியே துரத்தினார்கள். அவள் அழுகை ராஜாவின் காதை எட்டியது. ஊரையே எரிப்பேன் என்று அவர் படையோடு வந்தார்.

வந்தவர் உள்ளே நுழையவில்லை. அதுதான் விந்தை. ஒவ்வொரு நாள் காலையிலும் தனியாகக் குதிரையில், மதில் இடிந்த இடத்துக்கு எதிரே வந்து நின்றார்.

முதல் நாள் எப்லால் கோபுரத்தில் ஏறி நயமாகக் கெஞ்சினான். ராஜா கேட்டார். இடிந்த இடத்தைப் பார்த்தார். திரும்பிப் போனார்.

இரண்டாம் நாள் ஆசாரியர் மதிலுக்குப் பின்னால் தூபம் போட்டு உருக்கமாகப் பாடினார். ராஜா கேட்டார். இடிந்த இடத்தைப் பார்த்தார். திரும்பிப் போனார்.

மூன்றாம் நாள் அத்தாராள் வந்து அந்த இடிந்த இடத்தில் நின்றாள்.

"நம்மைக் காட்டிக்கொடுக்க வந்திருக்கிறாள்," என்றான் மதில்மேல் ஒருவன்.

"அடியே, தள்ளி நில்! குதிரை மிதிக்கும்!" என்று கத்தினான் இன்னொருவன்.

"வழியை விடு, மகளே," என்றார் ராஜா. "உனக்காகத்தான் வந்திருக்கிறேன்."

"தெரியும், ராஜாவே. இவர்கள் செய்தது உம்மைவிட எனக்கு நன்றாகத் தெரியும்."

"பின் ஏன் நிற்கிறாய்?"

"ஊரை எரித்துவிட்டால் நான் யாரோடு சண்டை போடுவேன்? என் கல்லை யார் திரும்ப நடுவார்கள்? அந்த வீடுகளில் குழந்தைகள் இருக்கிறார்கள். எரித்தே தீருவீர் என்றால், என்மேல் குதிரையை ஏற்றிவிட்டுப் போம்."

அவள் கால் நகரவில்லை.

ராஜா குதிரையைவிட்டு இறங்கினார்.

"மூன்று நாள் காலையிலும் இதற்காகத்தான் வந்தேன். என் கோபத்துக்கும் இவர்களுக்கும் நடுவே ஒருவராவது வந்து நிற்கமாட்டார்களா என்று தேடினேன். எல்லோரும் மதிலுக்குப் பின்னாலிருந்தே பேசினார்கள்."

படை திரும்பியது. எப்லால் எல்லைக்கல்லைத் தன் தோளிலேயே சுமந்துவந்து பழைய குழியில் இறக்கினான். ஊரில் யாரும் அவனுக்குக் கை கொடுக்கவில்லை. அத்தாராள்தான் ஒரு முனையைப் பிடித்தாள்.

பிறருக்காக ஜெபிப்பதை எபிரேயர் 'மதில் இடிந்த இடத்தில் நிற்பது' என்று ஏன் சொன்னார்கள் என்று இப்போது புரிகிறதா?

பிறருக்காக ஜெபிக்கிறவர், அவர்களுக்கு வரும் தீங்கின் வழியில் தாமே போய் நிற்கவேண்டும். அப்படி ஒருவர் வரமாட்டாரா என்றுதான் கடவுளும் காத்திருக்கிறார்.