வெறும் மாடத்தைக் காத்தவன்

கடல் இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் தள்ளி இருந்த காலத்துக் கதை இது. காதைக் கொடுங்கள், கொட்டாவியைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முத்தலைத்துறை என்றொரு துறைமுகப் பட்டினம். அதை ஆண்டவன் வீரகேசரி. நல்ல ராஜாதான். ஆனால் ஒரு சட்டம் போட்டுவிட்டால், அது தவறென்று அவனே சொன்னாலும் கேட்கமாட்டான். தெய்வத்தின் இடத்தில் ஏதாவது களவு போனால் காவல்காரன் தலை போகும் என்பது அவன் போட்ட சட்டம்.

கப்பலோட்டி வாழ்ந்த முஸ்லிம்கள் அங்கே புதிதாக ஒரு பள்ளிவாசல் கட்டினார்கள். ராஜா நிலம் கொடுத்தான், காவலும் கொடுத்தான். காவலன் பெயர் ஆவுடையான். மலையோரக் கிராமத்திலிருந்து வந்தவன், பள்ளிவாசல் என்ற ஒன்றை முன்பின் பார்த்ததில்லை. வாசலில் நிற்பான். உள்ளே போகமாட்டான். உள்ளே சாமி இருக்கிறார், அந்தப் பயம் போதும் அவனுக்கு.

ஒருநாள் முற்பகல், நெடுநாள் வராத கப்பல்கள் வந்தன. ஊரே துறைமுகத்துக்கு ஓடியது. ஆளில்லாத நேரம் பார்த்து ஓர் ஆடு பள்ளிவாசலுக்குள் நுழைந்துவிட்டது. வேறு வழியில்லை. ஆவுடையான் கால் கழுவினான், தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினான், கை கூப்பியபடி உள்ளே போனான்.

ஆட்டைத் துரத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வெள்ளைச் சுவர். சுவரின் நடுவே வளைந்த ஒரு மாடம். மாடத்தில் சிலை இல்லை, பீடம் இல்லை, ஒரு பூவிதழ்கூட இல்லை.

ஐயோ, சாமியைத் திருடிவிட்டார்கள் என்று நினைத்தான். அந்த இடத்திலேயே விழுந்து அழுதான்.

ஓடிவிடலாமா என்று முதலில் தோன்றியது. பிள்ளைகள் முகம் நினைவுக்கு வந்ததும் அதை விட்டான். பொய் சொல்லலாமா என்று தோன்றியது. அதற்கு அவன் நாக்கு பழகவில்லை. குயவனிடம் சொல்லி இன்னொரு சிலை செய்து வைத்துவிடலாமா என்று தோன்றியது. அதற்காக விசாரிக்கவும் கிளம்பினான். பூக்காரியிடம் கேட்டான், அந்தச் சாமிக்கு மாலை கட்டியதே இல்லை என்றாள். தட்டானிடம் கேட்டான், நகை செய்ததே இல்லை என்றான். குயவனிடம் கேட்டான், அவர் எப்படி இருப்பார் என்று ஒருவருக்கும் தெரியாதே என்றான் அவன். நல்லவேளை, குயவன் மண்ணைத் தொடவில்லை. தொட்டிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

ஆவுடையான் நேரே அரண்மனைக்குப் போய், களவு போய்விட்டது என்று ஒப்புக்கொண்டான். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் மூசா லெப்பையை ராஜா வரவழைத்தான்.

சபையில் ஒரு மந்திரி இருந்தார். நிலம் கொடுத்தது பிடிக்காதவர். அவர் ராஜாவின் காதோரம் குனிந்து ஒரு கேள்வியைப் போட்டார். ராஜா அதை உரக்கக் கேட்டான். மாடத்தில் ஏதாவது இருந்ததென்றால் காவலன் தலை போகும். ஒன்றுமே இருந்ததில்லை என்றால், இல்லாத தெய்வத்துக்கு நிலம் வாங்கியது ஏமாற்று, பள்ளிவாசல் போகும். இருந்ததா, இல்லையா?

மூசா லெப்பை, பதிலை இந்தக் காவலரிடமே கேட்க அனுமதி வேண்டும் என்றார். ஆவுடையான் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உள்ள நின்னப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“உடம்பெல்லாம் நடுங்குச்சு லெப்பை ஐயா.”

“சாமி இல்லைன்னு பார்த்த பிறகு?”

ஆவுடையான் தலை குனிந்தான். “பிறகும் நடுக்கம் நிக்கல. சாமி போயிட்டாரேன்னு விழுந்து அழுதேன். யார் முன்னாடி விழுந்து அழுதேன்னுதான் எனக்குத் தெரியல.”

சிரிக்கக் காத்திருந்த சபை சிரிக்கவில்லை.

“கேட்டீர்களா ராஜா,” என்றார் லெப்பை. “இவரை நடுங்க வைத்தவனைத் திருடர் தூக்கிப் போக முடியாது. நாங்கள் அவனுக்கு உருவம் வைப்பதில்லை, எந்த உருவமும் அவனுக்கு ஈடில்லை என்பதால். நாங்கள் நின்று தொழ வேண்டிய திசையைத்தான் அந்த மாடம் காட்டுகிறது. களவும் இல்லை, ஏமாற்றும் இல்லை.”

ராஜா மெல்ல ஆவுடையானைப் பார்த்து, அப்படியானால் நீ வீட்டில் மண் பிள்ளையாரை வைத்துக் கும்பிடுவது எதற்கு என்று கேட்டான்.

“கண்ணால பார்க்கணும்னு ஆசை மகாராஜா. வந்து இதுல உக்காருங்கன்னு கூப்பிடுவோம், வருவாரு. போயிட்டு வாங்கன்னு சொல்லி மண்ணைக் குளத்துல கரைச்சிருவோம். வீட்டுக்கு வந்து அவர் உக்காந்திருந்த வெறும் பலகையைப் பார்த்தா, அங்கயும் இதே நடுக்கம்தான்.”

மூசா லெப்பை அவனையே பார்த்தார். இந்த ஜனங்கள் மண்ணையே கடவுள் என்று நம்புகிறார்கள் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தார். கரைத்த பிறகும் பலகை முன் நடுங்குகிறவன் மண்ணையா கும்பிட்டான்? தாம் இத்தனை நாள் இவர்களைக் குறைவாக எண்ணிவிட்டதாகச் சபையிலேயே சொன்னார்.

தலையும் போகவில்லை, பள்ளிவாசலும் போகவில்லை. அன்று மாலை ராஜா செருப்பைக் கழற்றிவிட்டுப் பள்ளிவாசலின் படியேறினான். வாசலில் நின்று அந்த வெள்ளைச் சுவரைப் பார்த்தான். எட்டுத் திக்கும் தன் கொடி பறக்கிறது என்று பெருமை பேசியவனுக்குத் தலையை நிமிர்த்த முடியவில்லை. மந்திரியும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட நின்றார்.

யாரும் யார் வழிக்கும் மாறவில்லை. லெப்பை உருவமில்லாமலே தொழுதார். ஆவுடையான் மறு ஆண்டும் பிள்ளையார் பிடித்தான், கரைத்தான். பள்ளிவாசல் வாசலில் அவன் காவல் மட்டும் தொடர்ந்தது, ஆடுகளிடமிருந்து.

இந்தக் கதை சொல்லும் நீதி: உருவம் வைத்து வணங்கினாலும் உருவமின்றித் தொழுதாலும், கடவுள் முன் நிற்கிறோம் என்று உள்ளம் நடுங்கியவன் அடுத்தவன் வணக்கத்தை இகழமாட்டான்.